சட்டைப்பைக்கு எவ்வளவு கத்தி போதும்?

2024 மே மாதம் சுவிட்சர்லாந்தின் 'பிளிக்' நாளிதழில் வந்த ஒரு செய்தி கத்திப் பிரியர்களைத் தூக்கிவாரிப் போட்டது. சிவப்புக் கைப்பிடியும் வெள்ளைச் சிலுவையுமாக உலகமே அறிந்த சுவிஸ் ராணுவக் கத்தியைச் செய்யும் நிறுவனம் விக்டோரினாக்ஸ். அது அலகே இல்லாத பையடக்கக் கருவிகளை உருவாக்கும் வேலையில் இறங்கியிருப்பதாக அதன் தலைவர் கார்ல் எல்ஸ்னர் சொல்லியிருந்தார். கத்தி வைத்திருப்பதற்கான சட்டங்கள் பல நாடுகளில் இறுகிக்கொண்டே போகின்றன. சைக்கிள் ஓட்டுகிறவருக்கோ திருப்புளியும் ஸ்பானரும் இருந்தால் போதும், வெட்டும் அலகு அவசியமில்லை என்பது அவர் கணக்கு. கத்தியில்லாத கத்தியா என்று உலகப் பத்திரிகைகள் கிண்டலடித்தன. பழைய கத்திகள் நிற்கப்போவதில்லை, இது கூடுதலாக வருவது மட்டுமே என்று நிறுவனம் விளக்கம் தர வேண்டியதாயிற்று.

கிண்டலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இன்றைய கத்திச் சந்தையின் முழு இழுபறியும் அந்தச் செய்திக்குள் இருக்கிறது. ஒற்றைக் கையால் திறந்து 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் புதுப்புதுக் கத்திகளை ரசிகர்கள் வாங்கிக் குவிக்கிறார்கள். தினமும் உடன் கொண்டுபோகும் பொருள்களுக்கு 'எவ்ரிடே கேரி' என்று ஒரு பெயரே சூட்டி, அதற்காகப் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறார்கள். அதே கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் போலீஸ் பிடித்துக்கொள்ளும் ஊர்களும் பெருகிவருகின்றன.

லுசேர்ண் நகரத்தில் இந்தக் கத்தியைத் தேடிப் போக வேண்டியதில்லை. டிட்லிஸ் பனிமலைக்குப் போய்வரும் இந்தியச் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும் ஷ்வானன்பிளாட்ஸ் சதுக்கத்தைச் சுற்றி ஒரு பக்கம் லட்சக்கணக்கில் விலை சொல்லும் கைக்கடிகாரக் கடைகள். மறுபக்கம் கத்திகளை வரிசையாக அடுக்கிய கண்ணாடி அலமாரிகள். கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் இருபது, இருபத்தைந்து பிராங்கில் ஒரு குட்டிக் கத்தியை வாங்கிப் பெயரையும் பொறித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தக் கத்தி பிறந்த ஊர் அதிக தூரமில்லை. லுசேர்ண் ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்தே ஏரிக் கப்பல் கிளம்புகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் புருன்னன். அங்கே விக்டோரினாக்ஸின் கடையும் அருங்காட்சியகமும் இருக்கின்றன; பாகங்களைக் கொடுத்து நம் கத்தியை நாமே கோத்துக்கொள்ளவும் விடுகிறார்கள். அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஷ்வீஸ் மாநிலத்தின் இபாக் கிராமம். ஆலை அங்கேதான்.

1884-இல் கார்ல் எல்ஸ்னர் என்ற இளைஞர் இபாக்கில் கத்திப் பட்டறை தொடங்கினார். இன்றைய தலைவரின் கொள்ளுத் தாத்தா அவர். மலைநாடான ஷ்வீஸ் அன்று வறுமைப்பட்ட பகுதி. பிழைப்பு தேடி வெளிநாட்டுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். ஊரிலேயே வேலை உண்டாக்க வேண்டும் என்று எல்ஸ்னர் மற்றக் கத்திக் கொல்லர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். அந்தச் சங்கத்துக்கு முதல் வாய்ப்பைக் கொடுத்தது ஒரு துப்பாக்கி.

சுவிஸ் ராணுவம் 1889-இல் ஷ்மிட்-ரூபின் என்ற புதிய ரைபிளை ஏற்றுக்கொண்டது. அதைப் பிரித்துத் துடைக்கத் திருப்புளி வேண்டும். தகர டப்பாவில் அடைத்த உணவு அப்போதுதான் வீரர்களுக்கு வரத் தொடங்கியிருந்தது. அதைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். தோல் வாரில் துளை போடக் குத்தூசி, ரொட்டி வெட்ட அலகு. நான்கையும் ஒரே பிடிக்குள் மடக்கியதுதான் 1890-ஆம் ஆண்டு மாதிரிப் படைவீரர் கத்தி. ஆனால் முதல் சரக்கு ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்திலிருந்துதான் வந்தது. சுவிஸ் படைக்கு ஜெர்மன் கத்தியா என்ற ரோஷத்தோடு எல்ஸ்னர் களத்தில் இறங்கி 1891-இல் தன் கத்திகளைக் கொடுத்தார். ஸோலிங்கன் ஆலைகளின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, அவர் மட்டும் கடன்பட்டு நின்றார். உறவினர்கள் கை கொடுத்ததால் பட்டறை பிழைத்தது.

படைவீரர் கத்தி முரட்டுத்தனமானது, கனமானது. இன்னும் இலகுவாக, ஆனால் இன்னும் அதிகக் கருவிகளோடு ஒன்றைச் செய்ய நினைத்தார் எல்ஸ்னர். அவர் கண்டுபிடித்த வழி இன்றைக்கும் எந்த சுவிஸ் கத்தியைப் பிரித்தாலும் தெரியும். மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டை இருக்கிறது, அதுதான் வில். அலகின் அடிப்பாகம் அந்த வில்லின் மேல் உட்கார்ந்திருப்பதால்தான், திறக்கும்போது முதலில் முரண்டு பிடித்து, பாதியைத் தாண்டியதும் சட்டென்று போய் நிலைக்கிறது. எல்ஸ்னர் ஒரே வில்லின் இரு முனைகளையும், முதுகுப் பக்கத்தையும்கூட வேலை வாங்கினார். இரண்டே வில்களில் ஆறு கருவிகள் தொற்றிக்கொண்டன. பழைய நான்கோடு ஒரு சின்ன அலகும், ஒயின் புட்டியின் கார்க்கைப் பிடுங்கும் திருகும் சேர்ந்தன. 1897 ஜூன் 12 அன்று 'அதிகாரிகள் கத்தி' என்ற பெயரில் அதைப் பதிவு செய்தார்.

பெயர்தான் அதிகாரிகள் கத்தி. ராணுவம் அதைத் தன் அதிகாரிகளுக்கு வழங்கியதே இல்லை. வேண்டியவர்கள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். உலகம் முழுக்க சுவிஸ் ராணுவக் கத்தி என்று விற்கும் சிவப்புக் கத்தி, கறாராகச் சொன்னால், ராணுவக் கத்தியே அல்ல. ராணுவம் கொடுத்த அசல் கத்தியில் கார்க் திருகி இருந்ததுமில்லை. ராணுவப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் அமெரிக்க சிப்பாய்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் தங்கியிருந்த அவர்கள் படைமுகாம் கடைகளில் இதை அள்ளிக்கொண்டு போனார்கள்; ஜெர்மன் பெயர் வாயில் நுழையாததால் 'சுவிஸ் ஆர்மி நைஃப்' என்று சுருக்கிவிட்டார்கள். விக்டோரினாக்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் எல்ஸ்னரின் தாய் விக்டோரியா இருக்கிறார். 1909-இல் அவர் இறந்தபோது மகன் அந்தப் பெயரைக் கத்தியில் பொறித்தார். 1921-இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' ஒட்டிக்கொண்டது.

பிரெஞ்சு பேசும் ஷூரா பகுதியில் டெலெமோன் என்ற ஊரில் வெங்கர் என்று இன்னொரு கம்பெனி. மொழிப் பூசல் வரக்கூடாது என்று ராணுவம் 1908 முதல் ஆளுக்குப் பாதியாக ஆர்டரைப் பிரித்துக் கொடுத்துவந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நீடித்த அந்த ஏற்பாடு, 2005-இல் வெங்கரை விக்டோரினாக்ஸ் விலைக்கு வாங்கியதோடு முடிந்தது.

இனி, புதுக் கத்திகளின் கதை. இதில் திருப்பங்களை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். டிம் லெதர்மன் என்ற எஞ்சினியர் 1975-இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி படுத்துக்கொண்டது. கையிலிருந்த சாரணர் கத்தியால் ஒரு குறடு செய்யும் வேலையைச் செய்ய முடியவில்லை. கத்திக்குள் குறடைச் செருகுவதற்குப் பதிலாகக் குறடுக்குள் கத்தியைச் செருகினால் என்ன என்று யோசித்தார். 1983-இல் விற்பனைக்கு வந்த அந்தக் கருவியின் வாரிசுகளைத்தான் இன்று எலெக்ட்ரீஷியன்கள் இடுப்பில் மாட்டியிருக்கிறார்கள். இன்னொருவர் சால் கிளெஸர். கொலராடோவில் அவர் தொடங்கிய ஸ்பைடெர்கோ 1981-இல் வெளியிட்ட 'வொர்க்கர்' கத்தியில் இரண்டு புதுமைகள்: பேன்ட் பையின் விளிம்பில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப், கட்டைவிரலால் தள்ளித் திறக்க அலகிலேயே ஒரு வட்டத் துளை. இன்றைய எவ்ரிடே கேரி கத்திகளில் பெரும்பாலானவை இந்த இரண்டின் வழிவந்தவையே.

ஒற்றைக் கையால் திறப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி மறு கையால் அதை வெட்ட வேண்டியவருக்கு, நகத்தை விட்டு நெம்பித் திறக்கும் பழைய கத்தி உதவாது. கடைசியில் சுவிஸ் ராணுவமே இதை ஏற்றுக்கொண்டது. 2007-இல் புதுக் கத்திக்கு டெண்டர் விட்டபோது, உலக வர்த்தக விதிகளின்படி வெளிநாட்டாரும் கலந்துகொள்ளலாம் என்பதால், சுவிஸ் வீரனின் பையில் சீனக் கத்தி வந்துவிடுமோ என்று நாட்டில் ஒரு களேபரம். முடிவில் விக்டோரினாக்ஸே வென்றது. பச்சைப் பிடி, 111 மில்லிமீட்டர் நீளம், பாதி ரம்பப் பல்லுள்ள பூட்டக்கூடிய அலகு, மரம் அறுக்கும் வாள் எல்லாம் கொண்ட 'படைவீரர் கத்தி 08' வந்தது. 75,000 கத்திகளுக்கு 13 லட்சத்து 80 ஆயிரம் பிராங்க். கத்தி ஒன்றுக்குப் பதினெட்டு பிராங்க் சொச்சம். கடைக்காரர் கண்ணைக் கட்டும் விலைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு நல்ல அளவுகோல்.

2008-இல் அண்டை நாடான ஜெர்மனி, ஒற்றைக் கையால் திறந்து பூட்டும் கத்தியைத் தக்க காரணமின்றி வெளியிடங்களுக்குக் கொண்டுபோவதைத் தடை செய்தது. சுவிஸ் ராணுவம் வீரனுக்கு எதைத் தேவை என்று கொடுத்ததோ, அதை எல்லை தாண்டினால் சட்டைப்பையில் போட முடியாது.

ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கத்தி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது எஃகின் பெயரை அல்ல, இந்தச் சட்டங்களைத்தான். இங்கிலாந்தில் காரணம் கேட்காமல் அனுமதிப்பது மடங்கக்கூடிய, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத கத்தியை மட்டும். திறந்தபின் பூட்டிக்கொண்டால் அது மடக்குக் கத்தி என்ற கணக்கிலேயே வராது என்று அங்குள்ள நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜப்பானில் பொதுவாக அலகு 6 சென்டிமீட்டரைத் தாண்டினால், தக்க காரணமில்லாமல் எடுத்துச் செல்லக் கூடாது. இங்கிலாந்தில் குற்றமற்ற சிவப்புக் கத்திகூட டோக்கியோவில் வம்பில் மாட்டிவிடக்கூடும். சுவிட்சர்லாந்தில் வில் விசையால் தானே பாய்ந்து திறக்கும் பெரிய கத்திகள் ஆயுதம். ராணுவப் பையடக்கக் கத்தியும் அதைப் போன்றவையும் ஆபத்தான பொருள்கள் அல்ல என்று ஆயுதச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். சொந்தச் சரக்குக்குச் சட்டத்தில் இப்படி இடம் பிடித்துக் கொடுத்த நாடு வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தியாவில் ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக்குத்தான் கட்டுப்பாடு. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. இல்லாவிட்டால் தென்னந்தோப்புக்காரர் எவரும் அரிவாளைக் கையில் எடுக்க முடியாது. டெல்லியில் மட்டும் 1980-இலிருந்து ஒரு தனி அறிவிக்கை: பொத்தானை அழுத்தித் திறக்கும் விசைக் கத்தியின் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினால் உரிமமின்றி வைத்திருக்கக் கூடாது. பல நாட்டுச் சட்டங்களைப் புரட்டினால், அலகின் அளவை விட்டால், பயம் ஒரே இடத்தில்தான் குவிகிறது: வேகமாகத் திறப்பது, அசையாமல் பூட்டுவது. ரசிகர்கள் எதற்குக் கூடுதல் காசு கொடுக்கிறார்களோ அதைத்தான் போலீஸ் தேடுகிறது.

சட்டத்தைவிடப் பலமான அடி ஒன்று முன்பே விழுந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் விமானத்துக்குள் கத்தி கூடாது என்றானது. விமான நிலையக் கடைகளும் விமானத்துக்குள் விற்பனையும் விக்டோரினாக்ஸுக்குப் பெரிய வருமானம். கத்தி விற்பனை ஏறக்குறைய ஒரே இரவில் முப்பது சதவீதத்துக்கு மேல் சரிந்தது. நிறுவனம் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஓவர்டைமை நிறுத்தினார்கள், சேர்ந்துபோன விடுமுறைகளை எடுக்கச் சொன்னார்கள், கொஞ்சம் பேரைப் பக்கத்து ஊர்க் கம்பெனிகளுக்கு இரவல் கொடுத்தார்கள். நல்ல காலத்தில் லாபத்தைச் சேர்த்து வைத்திருந்ததால் இது முடிந்தது. முன்பே தொட்டிருந்த கைக்கடிகாரமும் பயணப் பெட்டியும் அதன்பின் முக்கிய வியாபாரமாயின. 2013-இல் அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை சின்னக் கத்திகளை மறுபடி அனுமதிப்பதாக அறிவித்தது. விமானப் பணிப்பெண்கள் கொதித்தெழவே மூன்றே மாதத்தில் பின்வாங்கியது.

விண்வெளியில் அந்தத் தடை இல்லை. 1995-இல் அட்லாண்டிஸ் விண்கலம் ரஷ்யாவின் மிர் நிலையத்தோடு இணைந்தபோது, இடைவழிக் கதவை ரஷ்யப் பொறியாளர்கள் பட்டைகளாலும் டேப்பாலும் அளவுக்கு மீறிக் கட்டியிருந்தார்கள். கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் தன் சுவிஸ் கத்தியை எடுத்து அறுத்துத்தான் உள்ளே போனார்.

சரி, சாதாரண ஆளுக்கு எது வேண்டும்? விளம்பரங்கள் முதலில் எஃகைத்தான் பேசும். கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். அமெரிக்க விலையுயர்ந்த கத்திகள் 60-ஐத் தாண்டுகின்றன. விக்டோரினாக்ஸ் தன் பெரிய அலகை 56-இலேயே நிறுத்துகிறது. கத்தரிக்கோல் 53, திருப்புளி 52, வில்லும் கார்க் திருகியும் 49. இது கஞ்சத்தனமில்லை. கடினமான எஃகு நீண்ட நாள் கூர்மை தாங்கும். மழுங்கினால் அதைத் தீட்டத் தனிக் கல்லும் பொறுமையும் வேண்டும். 56-இல் உள்ளதைச் சாதாரணத் தீட்டுக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். திருப்புளி அலகைப்போலக் கடினமாயிருந்தால் திருகும்போது முனை உடையும்; வில் அப்படியிருந்தால் வளையாது. மாம்பழம், பார்சல் நூல், மாத்திரை அட்டை என்ற அளவில் நாள் போகிறவருக்கு 62 எதற்கு?

கருவிகளின் எண்ணிக்கையும் அப்படியே. 'ஸ்விஸ்சாம்ப்' கத்தியில் 33 வேலைகள். எடை 185 கிராம். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. அங்கேயே இருக்கட்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சட்டைப்பையில் போட்டால் பை தொங்கிவிடும். 58 மில்லிமீட்டர் 'கிளாசிக்'கில் ஒரு சின்ன அலகு, கத்தரிக்கோல், நக அரம், அதன் நுனியில் திருப்புளி, சாமணம், பல்குத்தி. சாவிக்கொத்தோடு கொத்தாகப் போய்விடும். நகரத்து மனிதர் தினசரி தேடுவது அலகைவிடக் கத்தரிக்கோலைத்தான் என்பதை ஒரு மாதம் வைத்துப் பார்த்தவர் ஒப்புக்கொள்வார். கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் அலுமினியப் பிடி போட்ட 'பயனியர்' வரிசை. 1961-இல் ராணுவத்துக்குச் செய்த கத்தியின் நெருங்கிய உறவு, பழம் வெட்டவும் ஒயர் சீவவும் ஆகும். டெலெமோனிலிருந்து 'ஸ்விசா' என்ற புதிய சுவிஸ் கத்தியும் வருகிறது. வளைந்த பிடி, நகத்தால் நெம்பத் தேவையில்லாத அலகு. திறந்ததும் பூட்டிக்கொள்ளும், பிடியிலுள்ள சிலுவையை அழுத்தினால் விடும். நல்ல கத்தி, ஆனால் பூட்டு இருப்பதால் லண்டன் தெருவில் தக்க காரணமின்றிக் கொண்டுபோகக் கூடாது.

யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் மடியில் செருகி வைத்திருந்த வில்லுக்கத்தியில் பூட்டு இருந்ததில்லை. பாக்குச் சீவவும் மாங்காய் வெட்டவும் அது போதுமாயிருந்தது. 1980-களில் அகதிகளாக வந்து லுசேர்ண் உணவகங்களின் சமையலறைகளில் வேலைக்கு நின்ற ஈழத்தமிழர்கள் கையில் முதலில் வந்தது பையடக்கக் கத்தியல்ல. வெங்காயம் வெட்டும் பெரிய கத்தி. அவர்களின் பிள்ளைகளில் சுவிஸ் குடியுரிமை பெற்றுக் கட்டாயப் படைப்பயிற்சிக்குப் போகும் ஆண்களுக்குச் சீருடையோடு அந்தப் பச்சைக் கத்தியும் கிடைக்கிறது.

வாங்கும்போது பெரிய அலகின் அடியில் கம்பெனிப் பெயரும் 'சுவிஸ் மேட்' என்பதும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். போலிகள் சந்தையில் ஏராளம். 2017-இலிருந்து சுவிஸ் சட்டப்படி, ஆலைப் பொருள் ஒன்றில் அந்தப் பெயரைப் போட, செலவில் 60 சதவீதமாவது சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். கத்தி இறுகினால் வெதுவெதுப்பான நீரில் முக்கித் திறந்து மூடி, உலர்ந்தபின் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். திரும்பும் நாளில் ஒன்றை மறக்கவேண்டாம்: ஐரோப்பிய விமான விதிகள் 6 சென்டிமீட்டர் வரையுள்ள அலகைக் கைப்பையில் விட்டுவிடுகின்றன, இந்திய விதிகள் விடுவதில்லை. சூரிக்கில் தாண்டிய கத்தியை, இடையில் மாறும் விமான நிலையத்திலோ டெல்லி, மும்பையில் உள்நாட்டு விமானம் ஏறும்போதோ பிடுங்கித் தொட்டியில் போட்டுவிடுவார்கள். லுசேர்ணில் விடுதியைக் காலி செய்யும்போதே சரக்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.